ஒரு சதுர மீட்டர் மேகம்

2018 மார்ச் 14, புதன்கிழமை. சிலி நாட்டின் வடக்குக் கடற்கரை, புந்தா பியூரே குப்பத்துக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து ஐந்நூற்று நாற்பது மீட்டர் உயரம். காலை ஒன்பது மணிக்கு, மூடுபனியிலிருந்து நீர் பிடிக்க அங்கே நிறுத்தியிருந்த ஒரு சதுர மீட்டர் வலைக்குக் கீழே வைத்த கேனில் நான்கு லிட்டர் அறுநூறு மில்லி தண்ணீர் இருந்தது. அதில் குளோரின் வாசனை அடித்தது.

கேனைத் திறந்தவள் நீர்வளத் துறையின் இன்ஜினியர் ஃபேபியோலா. தலைநகரத்துப் பெண், முப்பது வயது ஆகியிருக்காது. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. ஒரு தடவை முகர்ந்தாள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இன்னொரு தடவை முகர்ந்தாள். பிறகு கேனை நோல்ஃபாவிடம் நீட்டினாள். இரண்டு மாதமாக தினமும் விடிகாலையில் இந்த மலை ஏறி வந்து அளவு குறித்தவள் நோல்ஃபாதான். ஐம்பத்திரண்டு வயது. கடல்பாசி அறுத்து அறுத்து விரல் நுனிகள் தடித்துப் போனவள். கேனின் பூட்டுக்குச் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில், கன்னிமாதா பதக்கத்தோடு சேர்ந்து தொங்கியது.

"தோன்யா நோல்ஃபா, மோந்து பாருங்க."

நோல்ஃபா குனிந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மேகத்துக்குள்ள நீச்சல் குளம் ஏதும் இருக்கா?" என்றாள் இன்ஜினியர். குரலில் கேலி இல்லை. களைப்புதான் இருந்தது.

நோல்ஃபா திரும்பிப் பின்னால் பார்த்தாள். கருவிப் பெட்டியைச் சுமந்து வந்த அவள் தம்பி எலியாசர் நின்றுகொண்டிருந்தான். நாற்பத்தேழு வயது ஆள், தன் ஷூவை இன்றுதான் முதல் தடவை பார்ப்பவன் போல அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய். எத்தன சொட்டு?"

"லிட்டருக்கு ரெண்டு" என்றான் எலியாசர். பிறகு, "தண்ணின்னா போட்டுத்தானக்கா ஆகணும். கை தானா போயிருச்சு" என்றான்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் கரையில் பிறந்திருக்க வேண்டும். தொண்ணூற்றொன்றில் காலரா வந்தது. அதற்குப் பிறகு, லாரித் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுபோகுமுன் லிட்டருக்கு இரண்டு சொட்டு குளோரின் விடாத கை எங்கள் குப்பத்தில் கிடையாது. சமைக்க, குடிக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, எதற்கானாலும் சரி. ஞானஸ்நானத்துக்கு வைத்த தண்ணீரிலும் ஒரு முறை போட்டோம், பாதிரியார் தும்மினார். ஆறு விடிகாலைகளில் எலியாசர் தன் வீட்டுப் பங்குத் தண்ணீரில் மூன்று மூன்று லிட்டராக எடுத்து, இருட்டோடு இருட்டாக ஐந்நூற்று நாற்பது மீட்டர் சுமந்து ஏறியிருக்கிறான். அக்காள் வருவதற்குள் வலையின் தூம்பு வழியாகக் கேனில் ஊற்றிவிட்டு வேறு வழியாக இறங்கியிருக்கிறான். அதற்குப் பூட்டைத் திறக்க வேண்டியதும் இல்லை. வெயில் நாளில் ஊற்றி மாட்டிக்கொள்கிற அளவு அவன் முட்டாள் இல்லை. மூடுபனி இறங்கியிருந்த நாட்களாகப் பார்த்துத்தான் ஊற்றினான். எல்லாம் கணக்காகச் செய்தவன், வீட்டிலேயே தண்ணீரில் சொட்டும் விட்டுக்கொண்டு கிளம்பினான்.

அன்று அந்த மலையில் எது பணயமாக இருந்தது என்பது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடமாக வாரம் இரண்டு தடவை, தெற்கே நூற்றுப்பத்து கிலோமீட்டரில் இருக்கும் துறைமுக நகரத்திலிருந்து தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு குடும்பம். ஜூன் 30-ஆம் தேதியோடு லாரி நிற்கும் என்று நகராட்சி எழுதிவிட்டது. கடிதத்தில் ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. அறுபது நாள் அளவெடுப்பில் ஒரு சதுர மீட்டர் வலைக்கு நாளொன்றுக்குச் சராசரி நான்கு லிட்டர் கிடைத்தால், ஊருக்குச் சொந்த நீராதாரம் உண்டு என்று பதிவாகும். அரசே பெரிய வலைகள் கட்டிக் குழாயும் போட்டுத் தரும். கிடைக்காவிட்டால் புந்தா பியூரே 'நீராதாரம் அற்ற தற்காலிகக் குடியிருப்பு'. துறைமுக நகரத்தில் நான்காவது மாடியில் வீடு தருவார்கள். நான்காவது மாடியில் பாசி எங்கே காயப் போடுவது என்று கடிதத்தில் இல்லை.

இன்ஜினியர் போலீசுக்கு எழுதவில்லை. அந்த ஆறு நாட்களை மட்டும் தாளில் கோடு போட்டு அடித்தாள். மிச்ச நாட்களின் சராசரி ஒரு லிட்டர் முந்நூறு.

*

பகல் பன்னிரண்டு மணிக்கு ஊர்க் கொட்டகையில் கூட்டம். பலகையும் தகரமும் சேர்த்து நாங்களே கட்டிய கொட்டகை. கூரைக்குச் சரிவு கிடையாது. எங்கள் பக்கம் எந்தக் கூரைக்கும் கிடையாது, மழையே இல்லாத இடத்தில் எதற்கு? ஆண்கள் பெண்கள் எல்லோரும் பாசி அறுக்கும் ரப்பர் உடுப்போடு அப்படியே வந்திருந்தார்கள். எலியாசர் கதவோரம் நின்றான். யாரும் அவனைத் திட்டவில்லை. முக்குளிக்கும் ரொஸெந்தோ மட்டும் தன் தண்ணீர்க் குவளையை முகர்ந்து பார்த்துவிட்டு, "அசல் மேகம்" என்று சொல்லி அவனுக்கு ஒரு வணக்கம் வைத்தான். கொட்டகை சிரித்தது. எலியாசரும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

ஃபேபியோலா ஒரு பெரிய தாளை ஆணியில் மாட்டிப் படம் வரைந்தாள். நன்றாகத்தான் வரைந்தாள். இடது பக்கம் கடல், நடுவில் எங்கள் செங்குத்து மலை, வலது ஓரத்தில் அந்தெஸ்.

"தென் துருவத்துப் பக்கமிருந்து குளிர்ந்த நீரோட்டம் ஒண்ணு இந்தக் கரையோரமாவே வருது. காத்து மேல்தண்ணியத் தள்ளித் தள்ளி வெளிய ஒதுக்குது. அடியிலேர்ந்து அதவிடக் குளிரான தண்ணி மேல வருது. அதனால கடலுக்கு மேல இருக்கற காத்தும் சில்லுன்னு கனமா ஆயிடுது. அதுக்கு மேல, ஒசரத்துலேர்ந்து எறங்கற காத்து சூடா, காஞ்சுபோய், ஒரு மூடி மாதிரி உக்காந்திருக்கு. அடியில இருக்கற ஈரம் மூடியத் தாண்டி மேல போக முடியாது. மேல போனாத்தான் மழை. சரி, கிழக்குலேர்ந்து வரலாமேன்னா, அந்தெஸ் மலை அந்த மழையெல்லாம் அந்தப் பக்கமே வாங்கிக்கறது."

"அப்ப ரெண்டு பக்கமும் பூட்டு, தலைக்கு மேல மூடி" என்றான் ரொஸெந்தோ. "சாவி யார்கிட்ட செனோரீத்தா?"

"சாவி கெடையாது."

"நகராட்சில கேட்டுப் பாத்தீங்களா? நம்ம ஊர்ல தொலஞ்ச சாமானெல்லாம் அங்கதான் இருக்கும்."

ஃபேபியோலாவும் சிரித்துவிட்டாள். பிறகு மூடிக்குக் கீழே ஒரு பட்டை வரைந்து, பென்சிலின் பக்கவாட்டால் சாம்பல் நிறம் தீட்டினாள். "மூடிக்கு அடியில மாட்டிக்கிட்டு நிக்கற மேகம் இது. மலைல வந்து மோதும்போது நீங்க கமஞ்சாக்காங்கறீங்க. இதுதான் இங்க இருக்கற ஒரே நன்னீர். ஆனா நாம அளந்த எடத்துல இது போதல. எனக்கே வருத்தமாத்தான் இருக்கு."

நோல்ஃபா முன் வரிசையில் ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆறு நாட்களை நினைத்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொன்னாள். நான்கு அறுநூறு, ஐந்து நூறு, நான்கு எண்ணூறு. எண்ணைப் பார்த்ததும் பனியில் நனைந்த முகத்தோடு தன்னந்தனியாகச் சிரித்தது, இறங்கும் வழியில் பாடியது. தம்பி எந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்து அதைக் கேட்டானோ என்று நினைக்க நினைக்கக் காது சுட்டது. அவள் எழுந்து தாளின் அருகே போனாள். தடித்த விரலைச் சாம்பல் பட்டையின் மேல் வைத்தாள்.

"இந்த மூடி எந்த ஒசரத்துல இருக்கு?"

"ஆயிரம் மீட்டர் பக்கம். நாளுக்கு நாள் மாறும்."

"மேகத்தோட அடிவயிறு?"

"கோடைல எழுநூறு. சில நாள் அறுநூறு."

"வலை வெச்ச ஒசரம்?"

ஃபேபியோலா தன் தாளைப் பார்த்தாள். பார்க்க வேண்டிய தேவை இல்லை. "ஐந்நூத்தி நாப்பது."

"ஏன்?"

"பின்பக்கத்துலேர்ந்து வர்ற மண்பாதை அதுவரைக்கும்தான் இருக்கு. பிக்கப் வண்டி அதுக்கு மேல ஏறாது. பராமரிக்கப் போய்வர முடியற எடத்துலதான் வைக்கணும்னு விதி. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே முடிவான எடம்."

"அப்ப நீங்க அளந்தது மேகத்த இல்ல செனோரீத்தா. பிக்கப்ப."

யாரும் சிரிக்கவில்லை. தகரக் கூரைக்கு மேலே கடற்காக்கைகள் நடக்கும் சத்தம் கேட்டது. ஃபேபியோலாவின் காது மடல்கள் சிவந்தன. மறுபடி அளக்க அடுத்த வருட நிதி ஒதுக்கீட்டில் கேட்கலாம், அதுவும் நிச்சயமில்லை, அதற்குள் லாரி நின்றுவிடும் என்றாள். பிறகு பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான்காவது மாடிப் பட்டியல். குடும்பத் தலைவர் கையெழுத்திட வேண்டிய முப்பத்தொரு வரி. பேனாவையும் பக்கத்தில் வைத்தாள்.

நோல்ஃபா பேனாவை எடுத்து இன்ஜினியர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இத வெச்சு ஒண்ணு எழுதிக் குடுங்க. அந்த வலை என்ன வலை?"

"தக்காளித் தோட்டத்துல நெழலுக்குப் போடறது. முப்பத்தஞ்சு சதம் நெழல்." ஃபேபியோலா கொஞ்சம் தயங்கினாள். பிறகு தாழ்ந்த குரலில், "ரெண்டு மடிப்பாப் போடணும். அப்பத்தான் ஒண்ணோட ஒண்ணு ஒரசி சொட்டு எறங்கும்" என்றாள். எழுதியும் கொடுத்தாள்.

*

அன்று மாலை தேநீருக்கு எலியாசர் அக்காள் வீட்டுக்கு வந்தான். வாசலில் பாசி காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் கரையில் பாசி காயும் களத்துக்கு வேலி இல்லை. கல்லை வரிசையாக வைத்தால் அது இன்னார் இடம், அதை யாரும் தாண்ட மாட்டார்கள். எலியாசர் கல் வரிசைக்கு வெளியிலேயே நின்றான். கூப்பிடாமல் உள்ளே வருகிற உரிமையை இழந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ண ஏமாத்தினதுக்கு மன்னிச்சிரு."

"அவள ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போ. அவ வேற அளவு எழுதிட்டுப் போயிருவா" என்றாள் நோல்ஃபா, ரொட்டி பிசைவதை நிறுத்தாமல். "மலை குடுக்காதுன்னு முடிவு பண்ணித்தானடா தண்ணி தூக்கிட்டு ஏறுன? ஊர்ல ஒருத்தனும் மலைய நம்பலன்னா பரவால்ல. என் வீட்டுல ஒருத்தன் நம்பலியே."

"அக்கா, ஒன்னே முக்கால் லிட்டர், ஒன்னேகால் லிட்டர்னு நீ எழுதிக்கிட்டு வந்து உக்காந்திருப்பே. அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியல."

அவள் மாவுக் கையால் உள்ளே வரும்படி சைகை காட்டினாள். அவன் கற்களைத் தாண்டி வந்தான். ரொட்டி வெந்ததும் முதல் ரொட்டியை அவன் தட்டில் வைத்துவிட்டு, "நாளைக்கு நாலு மணிக்கு எந்திரி. புனலுக்குப் போறோம்" என்றாள்.

புனல் என்று நாங்கள் சொல்வது மலை முகட்டில் இருக்கும் ஒரு கணவாயை. எழுநூற்று எண்பது மீட்டர். கீழிருந்து பார்த்தால் மலையின் வரிசைப் பல்லில் ஒரு பல் விழுந்த இடம் போல இருக்கும். மூன்று மணி நேர ஏற்றம். அங்கே யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. பாசி பொறுக்குகிற எவனுக்கும் மூடுபனி பகைதான். பனியில் நனைந்த பாசியை வியாபாரி பாதி விலைக்குத்தான் எடுப்பான். அதனால் கமஞ்சாக்கா எங்கே நுழைகிறது என்று கவனித்துப் பார்த்தவர்கள் குறைவு. நோல்ஃபா அந்த அறுபது நாளும் அளவெடுக்க ஏறியபோது, தன் வலையில் சொட்டு விழாத நேரங்களில் தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு ஆறு அந்தக் கணவாய்க்குள் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். அதைத்தான் கூட்டத்தில் சொல்ல வந்தாள். கேட்கிறவர்களுக்குச் சான்று கேட்கும் பழக்கம் இருந்ததால் சொல்லவில்லை.

சான்று அங்கே நின்றது. கணவாயில் இருந்த கள்ளிகள் ஒவ்வொன்றிலும் சாம்பல்பச்சை நிறத்தில் தாடி தொங்கியது. மரப்பாசித் தாடி, விரலால் பிழிந்தால் நீர் வந்தது. எல்லாக் கள்ளிக்கும் ஒரே பக்கம்தான் தாடி, தென்மேற்கில். பாறைகளும் அந்தப் பக்கம் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தன. மழை என்ற ஒன்றையே காணாத மலையில், மேகம் எந்த வழியாக வருகிறது என்று கள்ளிகள் காட்டிக்கொண்டு நின்றன. ஃபேபியோலாவின் வலை நேர் மேற்கே, கடலைப் பார்த்து நின்றிருந்தது. எலியாசர் ஒரு தாடியைப் பிழிந்து உள்ளங்கையில் விழுந்ததை நக்கினான்.

"சொட்டு மருந்து வேணுமா?" என்றாள் நோல்ஃபா.

"வேணாம்கா" என்றான். அன்றைக்குத்தான் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

*

ஏப்ரல் முழுக்கச் சுமந்தோம். தாமிரம் ஏற்றிய பழைய படகுத்துறையின் இடிந்த மேடையிலிருந்து இரும்புக் குழாய்களை அறுத்தோம். ஆளுக்கொரு முனை, மூன்று மணி நேரம். எலியாசர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறினான். யாரும் அவனை ஏறச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. தக்காளித் தோட்ட வலை உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் கைவிட்ட ஒரு பண்ணையிலிருந்து வந்தது. வெயிலில் ஓரங்கள் கிழிந்திருந்தன. வலை பின்னத் தெரிந்த ஊருக்கு அது ஒரு வேலையில்லை.

ரொஸெந்தோ முதலில் வரவில்லை. "நாப்பது வருசமா அந்தக் கமஞ்சாக்காவ வையிறேன். இப்பப் போயிக் கும்புடணுமா?" என்றான்.

"கும்புட வேணாம் கொம்பாத்ரே. புடிச்சுக் கட்டுனாப் போதும்" என்றாள் நோல்ஃபா.

கட்டுகிற விஷயத்தில் அவன் சொன்னபடியே கட்டினோம், அதுதான் தவறு. கடல்காரன் துணியைக் கண்டால் பாயாகத்தான் கட்டுவான். முரசுத் தோல் போல இழுத்து, நான்கு மூலையும் முறுக்கிக் கட்டினான். மறுநாள் காலையில் இரண்டு கம்பங்கள் மட்டும் நின்றன. வலை அரைக் கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் ஒரு கள்ளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. "கப்பல் கெளம்பிருச்சு, நாமதான் ஏறல" என்றான் ரொஸெந்தோ. இரண்டாம் முறை மீன்வலை போலத் தொய்வாகத் தொங்கவிட்டோம். காற்று வந்து உப்பி, அடங்கி, கடந்து போனது. நாற்பது சதுர மீட்டர்.

தண்ணீரைக் கீழே கொண்டுவருவது இன்னொரு கதை. மூடிய சுரங்கமொன்றின் கறுப்புக் குழாயை இழுத்துப் போட்டோம். முதல் நாளே பாதி மலையில் வெடித்தது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரே மூச்சில் இறங்கும் நீரின் அழுத்தத்தை எந்தக் குழாய் தாங்கும்? எலியாசர் வழியில் ஐந்து இடத்தில் பீப்பாய் வைத்தான். தண்ணீர் ஒரு பீப்பாயில் விழுந்து, மூச்சு வாங்கி, அடுத்ததற்கு இறங்கியது. மே 20-ஆம் தேதி மாலை, கொட்டகைப் பக்கத்தில் இருந்த நகராட்சியின் நீலத் தொட்டிக்குள் அது வந்து விழுந்தது. குழாய்க்குள் இருந்த தூசியால் முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. பெண்கள் அதைக் கொட்டவில்லை. துணி அலச எடுத்துக்கொண்டு போனார்கள்.

குளிர்காலம் நெருங்க நெருங்க மேகம் தடித்தது. ஜூனில் ஒரு சதுர மீட்டருக்கு ஆறு லிட்டருக்கு மேல் கிடைத்தது. நோல்ஃபா தினமும் எண்ணை எழுதி, வாரக் கடைசியில் நகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்பினாள். நகராட்சியிலிருந்து ஒரு பதில் வந்தது. அங்கீகரிக்கப்படாத இடத்தில், அங்கீகரிக்கப்படாத கருவியால், அங்கீகரிக்கப்படாத நபர் எடுத்த அளவுகளைப் பரிசீலிக்க இயலாது. அவள் கடிதத்தை மடித்து ஜன்னல் இடுக்கில் செருகினாள். அங்கே காற்று புகுந்துகொண்டிருந்தது.

எல்லோரும் அவளோடு நிற்கவில்லை. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். பத்தொன்பது குடும்பம் பட்டியலில் கையெழுத்துப் போட்டது. ஊசி போட்டுக்கொள்கிற சர்க்கரை நோய்க்காரர்கள் இருந்தார்கள், கைக்குழந்தைக்காரர்கள் இருந்தார்கள். நாளொன்றுக்கு ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் என்பது சிரித்துக்கொண்டு சொல்லிவிடக்கூடிய அளவு இல்லை. ஜூன் கடைசி வாரம் அவர்கள் பலகைகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். நோல்ஃபா ஒவ்வொரு வீட்டுக்கும் போய் மூட்டை கட்டிக் கொடுத்தாள். யாரையும் போகாதே என்று சொல்லவில்லை. போனவர்களின் பாசிக் களத்துக் கல் வரிசைகளை மட்டும் யாரும் எடுக்கக்கூடாது என்றாள். யாரும் எடுக்கவில்லை. ஜூன் 30 சனிக்கிழமை கடைசி லாரி வந்து போனது. பன்னிரண்டு குடும்பம் மிச்சம்.

*

ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஓனோஃப்ரே வந்தான். பதினான்கு வருடம் எங்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவன். எங்கள் குழந்தைகளில் பாதிப் பேரின் பெயர் தெரிந்தவன். இந்த முறை ஒரு சின்ன கிரேன் பொருத்திய வேறு லாரி. கையில் உத்தரவுத் தாள். நகராட்சி உடைமையான நீலத் தொட்டியை, கொள்ளளவு இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர், எடுத்துக்கொண்டு வர வேண்டும். அவன் தாளை நோல்ஃபாவிடம் நீட்டியபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன செய்யச் சொல்ற தோன்யா. சொன்னாங்க, வந்தேன்."

"ஒன்ன யாரு என்ன சொன்னா தோன் ஓனோஃப்ரே. எடுத்துக்க. தொட்டி அவங்களோடதுதான்."

அவன் பட்டைகளைத் தொட்டிக்குக் கீழே கொடுத்து, கிரேனை இயக்கினான். லாரியின் பின்பக்கம் தாழ்ந்தது. தொட்டி அசையவில்லை. இறங்கி வந்து தொட்டியை முஷ்டியால் தட்டிப் பார்த்தான். அடியிலிருந்து மேலே வரை ஒரே சத்தம்தான், கெட்டியான சத்தம். ஏணி வைத்து ஏறி மூடியைத் திறந்தான். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெறஞ்சிருக்கு" என்றான்.

"ஆமா."

"இந்த கிரேன் முந்நூறு கிலோதான் தூக்கும். வேற எதுலயாச்சும் மாத்துங்களேன்."

"எதுல மாத்த? நீயே பாரு."

ஓனோஃப்ரே பார்த்தான். பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ப் பார்த்தான். வாசலில் இருந்த ஒவ்வொரு பீப்பாயும், ஒவ்வொரு கேனும், சமையல் பானையும், ரொஸெந்தோவின் பழைய ஐஸ் பெட்டியும் வாய் வரை நிறைந்திருந்தன. அவன் வரப்போகிற சேதியை முந்தின வாரமே துறைமுக நகரத்திலிருந்து ஒருவர் வானொலிக் கருவியில் சொல்லியிருந்தார். நாலாவது மாடிக்குப் போனவர்களில் ஒருவர். அவன் திரும்பி வந்தான். தொட்டியின் அடியில் இருந்த குழாய்க்கு முன்னால் குந்தினான். பித்தளைக் குழாய், கால் சுற்றுத் திருப்பினால் போதும், அரை மணி நேரத்தில் தொட்டி காலியாகிவிடும். அவன் கையைக் குழாயில் வைத்தான்.

நாங்கள் எல்லோரும் வந்து நின்றோம். யாரும் குறுக்கே போகவில்லை. எலியாசர் ஓரடி முன்னால் வைத்தான். நோல்ஃபா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொற தோன் ஓனோஃப்ரே" என்றாள். "கொழா ஒன் கையிலதான் இருக்கு. எங்கள்ல ஒருத்தரும் தொறக்க மாட்டோம். தொறக்கறவன் கையத் தட்டவும் மாட்டோம்."

"நீயே தெறந்து விடேன் தோன்யா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"நல்லாருக்கே! தண்ணியத் தரைல கொட்டறவ பேரு என் பேரா இருக்கணுமா?"

அவன் கை குழாயிலேயே இருந்தது. கீழே மண் வெளுத்து, கல்லாகி, வெடித்துக் கிடந்தது. பதினான்கு வருடத்தில் அவன் இந்த இடத்தில் ஒரு குவளை சிந்தியிருக்கமாட்டான். வெயில் ஏறியது. யாரோ அவனுக்கு ஒரு கிண்ணத்தில் மீன் சூப் கொண்டுவந்து கொடுத்தார்கள். இடது கையால் வாங்கிக் குடித்தான். கொஞ்ச நேரம் கழித்து வலது கையை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

மாலை நான்கு மணிக்குப் பட்டைகளை அவிழ்த்துச் சுருட்டினான். லாரியின் முகப்பில் தாளை வைத்து, 'பொருள் எடுக்கப்பட்டதா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினான். 'காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். இருக்கிறதை எழுது என்றாள் நோல்ஃபா. 'உள்ளே தண்ணீர் இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டு, நகராட்சி முத்திரை போட்ட நகலை அவளிடம் கொடுத்துவிட்டு, வெற்று லாரியோடு தெற்கே போனான்.